மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் ஆசிரியர் பட்டியலை எப்படிப் படிப்பது?

பொன்னிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வணிகவியலில் இளநிலைப் பட்டம் பெற்று, இரண்டரை ஆண்டுகள் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு, இப்போது எம்.பி.ஏ. படிக்க விரும்புகிறாள். நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடன் கேட்பவரின் கடையையோ பட்டறையையோ நேரில் போய்ப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பல இலட்சம் ரூபாய் கட்டணம் கேட்கும் ஒரு கல்வி நிறுவனத்தையும் அப்படியே பார்த்துவிட வேண்டும் என்று எண்ணி, மூன்று நிறுவனங்களின் ஆசிரியர் பட்டியல்களை அச்செடுத்து, மேசையில் பரப்பி, ஒரு வாரமாகப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பட்டியலில் ஏறக்குறைய எல்லோரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வகுப்பறைக்கு வெளியே எங்கே வேலை பார்த்தார்கள் என்பது ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'முன்னணி நிறுவனங்களில் 25 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம்' என்று எழுதியிருக்கிறார்கள். எந்த நிறுவனம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டில் விலகினார் என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது நிறுவனத்தில் பாதி ஆசிரியர்கள் அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியர் ஆனவர்கள்.

கட்டடமும் விடுதியும் மூன்று இடங்களிலும் நன்றாகவே இருக்கின்றன. தரவரிசைகளையும் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பிறருக்கு நிர்வாகத்தைக் கற்பிப்பவர் அதற்கு முன் என்ன வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்? இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


எண்ணித்துணிக எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் ஏழாவது ஆண்டாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நிதியியல் என் துறை. வெளியில் வேலை பார்த்தது இரண்டு ஆண்டுகள், ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில். எனவே உங்கள் மேசையில் இருக்கும் முதல் பட்டியலில் நானும் ஒருவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியல் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு விதிமுறையே முதல் காரணம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2019இல் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி, மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர, முதல் வகுப்பில் எம்.பி.ஏ. அல்லது அதற்கு இணையான தகுதியும், அதற்குப் பின் இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவமும் போதும். பட்டயக் கணக்காளர் தகுதியும் ஏற்கப்படுகிறது. ஆனால் இணைப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் கட்டாயம். முப்பது வயதில் உள்ளே வரும் ஒருவர் எந்தப் பக்கம் தன் நேரத்தைச் செலவிடுவார் என்பதை இதிலிருந்தே நீங்கள் ஊகிக்கலாம்.

விதியை மட்டும் காட்டி நான் ஒதுங்கிவிட விரும்பவில்லை. ஆய்வுப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஏன் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவில் 1950களின் இறுதிவரை பல வணிகப் பள்ளிகளில், தங்கள் நிறுவனத்தில் நடந்ததை எடுத்துச் சொல்வதே பாடமாக இருந்தது. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி அமைப்பும் தனித்தனியே வெளியிட்ட இரண்டு அறிக்கைகள் இந்தப் போக்கைக் கடுமையாகக் குறை கூறின. அதன் பிறகுதான் பொருளியலாளர்கள், உளவியலாளர்கள், புள்ளியியலாளர்கள் ஆகியோர் அப்பள்ளிகளுக்குள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள்.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். ஜவுளிக்கடையில் இருபது ஆண்டுகள் விற்பனை மேலாளராக இருந்த ஒருவர், ஆடித் தள்ளுபடி கொடுத்ததால் விற்பனை இரண்டு மடங்கானது என்று வகுப்பில் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் ஆவணியிலும் புரட்டாசியிலும் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் ஆடியிலேயே வந்துவிட்டார்களா, அப்படியானால் கடைக்கு ஆண்டு முழுமைக்கும் இலாபமா நட்டமா என்று கேட்கவும், அந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டவும் வேறொரு பயிற்சி தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைத்தான் முனைவர் பட்டம் தர வேண்டும்.


சபர்மதிவாசி எழுதியது:

வணக்கம். 1970களின் பிற்பகுதியில் அகமதாபாத்தில் ஆய்வு உதவியாளனாகப் பணியாற்றி, பின்னர் வேறு நகரங்களில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐயா கேட்ட கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு விடை இருக்கிறது.

1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் (ஐ.ஐ.எம்.) தொடங்கப்பட்டபோது, மேலாண்மையில் முனைவர் பட்டம் பெற்று ஆசிரியர் பணிக்கு ஆயத்தமாக நிற்பவர்கள் என்று ஒரு கூட்டம் இந்தியாவில் இருக்கவில்லை. ஆகவே வேறு வேறு வேலைகளில் இருந்தவர்களைத்தான் திரட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அகமதாபாத் நிறுவனத்தின் முதல் இயக்குநராகக் கௌரவப் பொறுப்பு வகித்த விக்ரம் சாராபாய், அண்டக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். அங்கே முதலில் சேர்ந்த ஆசிரியர் கமலா சௌத்ரி உளவியலாளர். அகமதாபாத் ஜவுளி ஆலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கமான அட்டிராவில், தறியோட்டுபவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே உள்ள உறவுகளை ஆலைக்குள்ளேயே சென்று ஆராய்ந்தவர். கல்கத்தாவின் முதல் இயக்குநர் கே.டி. சாண்டி, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து வந்தவர். பின்னாளில் இந்திய உணவுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

1965இல் அகமதாபாத்தின் முதல் முழுநேர இயக்குநராக வந்த ரவி மத்தாய்க்கு அப்போது வயது 38. ஆக்ஸ்போர்டில் படித்தவர், கல்கத்தாவில் வணிக நிறுவனப் பணியில் இருந்துவிட்டு, அங்குள்ள ஐ.ஐ.எம்.மில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தவர். முனைவர் பட்டம் இல்லாதவர். அவருக்குப் பின் வந்த சாமுவேல் பால் பொருளியலாளர். பின்னாளில் பெங்களூரில் பொது விவகார மையத்தை நிறுவி, குடிமக்களே அரசு அலுவலகங்களுக்கு மதிப்பெண் அட்டை வழங்கும் முறையைக் கொண்டுவந்தவர்.

இத்தனை வேறுபட்ட மனிதர்களை ஒரே பட்டியலில் வைத்தால் அது கதம்பமாகத்தான் இருக்கும். கதம்பமாகவே விட்டுவிடாமல் இருக்க ஒரு வேலை செய்தார்கள். தொடக்க கால ஆசிரியர்களை ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பன்னாட்டு ஆசிரியர் பயிற்சித் திட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பொருளியலில் இருந்து வந்தவரும் ஆலையில் இருந்து வந்தவரும் அங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை மாணவர் முன் வைத்து விவாதம் நடத்தப் பழகினார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் இதற்கு உதவியது. ஐயா, உங்கள் மூன்று பட்டியல்களில் எந்த நிறுவனம் தன் ஆசிரியர்களை இப்படி ஓரிடத்தில் உட்கார வைக்கிறது என்பதை விசாரித்துப் பாருங்கள்.


வார்ப்பட்டறை எழுதியது:

கோவையிலிருந்து எழுதுகிறேன். பம்புசெட் பாகங்களுக்கு வார்ப்படம் செய்யும் பவுண்டரிகளில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தொழிற்சாலை மேலாளர். இப்போது ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் வாரத்துக்கு ஒருநாள் உற்பத்தி மேலாண்மை வகுப்பு எடுக்கிறேன். இரண்டாவது பட்டியலில் என்னைப் போன்றவர்களின் பெயர்தான் இருக்கும் என்பதால், எங்கள் தரப்பின் பலத்தையும் பலவீனத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் பருவத்தில் நான் நடத்திய வகுப்புகள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. உலை நின்றுபோன இரவு, வேலைநிறுத்தத்தின்போது நடந்த பேச்சுவார்த்தை, மின்வெட்டுக் காலத்தில் நேரத்தை மாற்றி வேலை வாங்கியது என்று நான் சொன்னதை எல்லாம் ஆர்வமாகக் கேட்டார்கள். பருவத் தேர்வில் ஒரு சாயப்பட்டறையின் சிக்கலைக் கேள்வியாகக் கொடுத்தேன். நாற்பது பேரில் பெரும்பாலோர் என் பவுண்டரிக் கதைகளையே எனக்குத் திரும்ப எழுதி வைத்திருந்தார்கள். சாயப்பட்டறைக்கு எதை எடுத்துச் செல்வது என்பதை நான் கற்றுத்தரவில்லை என்று அன்று இரவு விளங்கியது. அது என்னை மிகவும் வருத்தியது.

அடுத்த பருவத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருக்கும் ஓர் அம்மையார் அனுமதி கேட்டு என் வகுப்பின் கடைசி வரிசையில் இரண்டு நாட்கள் அமர்ந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, நீங்கள் சொன்ன அந்த மாதங்களின் கழிவுக் கணக்கு உங்களிடம் இருக்கிறதா?" இருந்தது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

இப்போது அந்தப் பாடத்தை இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். கழித்துப் போட்ட ஒரு பம்பு உறையை இரண்டாக அறுத்து வகுப்புக்குக் கொண்டு போவேன். வெளியே பார்த்தால் குறையே தெரியாது. அறுத்த முகத்தில் மிளகளவில் வழவழப்பான, பளபளக்கும் ஓட்டைகள் இருக்கும். ப்ளோ ஹோல் என்போம். அச்சு மணலில் ஈரம் மிகுந்தால் உருகிய இரும்பு பட்டதும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். லேத்தில் ஏற்றிக் கடையும்போதுதான் அது வெளியே தெரியும். அதற்குள் இரும்பு, மின்சாரம், கூலி எல்லாம் செலவாகியிருக்கும். துண்டைக் கையில் கொடுத்து, இது யார் தவறு என்று கேட்பேன். மணலைப் பக்குவம் பார்க்கும் மோல்டிங் மேஸ்திரியின் தவறு என்று வகுப்பே ஒருமனதாகச் சொல்லும். அந்த ஆண்டு நிர்வாகமும் அப்படித்தான் சொல்லி, மேஸ்திரியைக் கடிந்துகொண்டது. மழைக்காலம் என்று வேறு ஒரு சமாதானம்.

அதன் பிறகு அம்மையார் என் நாட்குறிப்பு எண்களைத் தேதிவாரியாகக் கரும்பலகையில் புள்ளிகளாகக் குறிக்கச் சொல்வார். கழிவு ஏறத் தொடங்கியது மழைக்கு மூன்று வாரம் முன்னால் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்று வாரம் முன்னால் என்ன நடந்தது என்று என்னைக் கேட்பார்கள். கொள்முதல் பிரிவு அப்போதுதான் விலை மலிவான பென்டோனைட் களிமண்ணுக்கு மாறியிருந்தது. அது பிடிப்புக் குறைந்த களிமண், மணல் நிற்க வேண்டுமென்றால் கூடுதலாகத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். மிச்சப்படுத்தியதற்காகக் கொள்முதல் மேலாளருக்கு ஆண்டுப் பாராட்டு கிடைத்தது. கழிவு முழுவதும் மோல்டிங் பிரிவின் கணக்கில் எழுதப்பட்டது. செலவை எந்தப் பிரிவின் தலையில் எழுதுகிறோம் என்பது மனிதர்களை எப்படி நடந்துகொள்ளச் செய்கிறது என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சாயப்பட்டறைக் கேள்வியை இந்த ஆண்டும் கொடுத்தேன். சாயமேற்ற உப்பு வாங்குபவரையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பலர் எழுதியிருந்தார்கள்.


எண்ணித்துணிக எழுதியது:

வார்ப்பட்டறை ஐயாவின் பதிவை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

இருந்தாலும் சபர்மதிவாசி ஐயாவின் கருத்தில் ஓரிடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. ரவி மத்தாயைச் சுட்டி, முனைவர் பட்டம் வேண்டியதில்லை என்று வாதாடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் போன்ற ஒருவர் கிடைப்பது அரிது. அரிதான ஒருவரை வைத்து ஆள் எடுக்கும் விதியை வகுக்க முடியாது. அந்த நிறுவனமே 1971இல், முனைவர் பட்டத்துக்கு இணையான தன் சொந்த ஆய்வாளர் திட்டத்தைத் தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தொழில் அனுபவம் உள்ளவர்களை உள்ளே கொண்டுவர இப்போது முறையான வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற பதவிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் பணியாற்றித் தேர்ச்சி காட்டியவருக்கு முனைவர் பட்டமோ ஆய்வுக் கட்டுரைகளோ இல்லாவிட்டாலும் அந்தப் பதவி வழங்கலாம். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒருவர் ஒரு நிறுவனத்தில் எந்த நிலையிலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியாது. கடைசி நிபந்தனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. வார்ப்பட்டறை ஐயாவுக்கு வகுப்பு நடத்தப் பிடிபட்டதே இரண்டாம் பருவத்தில்தான். நல்ல ஆசிரியராகக் கனியும் நேரத்தில் ஒருவரை அனுப்பிவிடுவது யாருக்கும் நல்லதில்லை.

பொன்னிக்கரை ஐயாவுக்குப் பயன்படக்கூடிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற பன்னாட்டுத் தரச்சான்று அமைப்பு ஆசிரியர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஆய்வுப் பட்டம் பெற்று ஆய்வைத் தொடர்பவர், ஆய்வுப் பட்டம் பெற்றுத் தொழில் நிறுவனங்களோடு வேலை செய்பவர், தொழிலில் இருந்து வந்து எழுத்திலும் ஆய்விலும் ஈடுபடுபவர், தொழிலில் இருந்து வந்து அத்தொழிலோடு தொடர்பை விடாதிருப்பவர் என்பவை அவை. முதல் வகையினர் குறைந்தது 40 விழுக்காடும், நான்கு வகையும் சேர்த்து 90 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இங்கே கவனிக்க வேண்டியது 'தொடர்பவர்' என்ற சொல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்று, அதன் பிறகு ஒரு தொழிற்சாலை வாசலையும் மிதிக்காதவரை அந்த அளவுகோல் சேர்த்துக்கொள்ளாது; பட்டம் பெற்ற பிறகு ஒரு வரிகூட எழுதாதவரையும் சேர்த்துக்கொள்ளாது.


சபர்மதிவாசி எழுதியது:

நண்பர் எண்ணித்துணிகவின் மறுப்பை மதிக்கிறேன். முனைவர் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரவி மத்தாயைப் பற்றி என் நெஞ்சில் நிற்பது வேறு. ஏழு ஆண்டுகள் இயக்குநராக இருந்தபின், வற்புறுத்தல் எதுவும் இல்லாமல் 1972இல் தாமாகவே பதவியை விட்டிறங்கி, அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பின்னர் இராசத்தானின் ஜவாஜா பகுதிக்குச் சென்று, நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தாங்களே தங்கள் தொழிலை நிர்வகிக்க என்ன தேவை என்பதை அவர்களோடு இருந்து கற்றார். அதிகாரத்தைக் கையில் வைத்திருந்து, பின்பு அதைக் கீழே வைக்கவும் தெரிந்த ஒருவர் நிர்வாகம் கற்பிக்கும்போது மாணவன் அவரைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும். தன்விவரக் குறிப்பில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற சி.கே. பிரகலாதும் இந்த வரிசையில் வருபவர்தான். கோவையில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடின் சென்னை பேட்டரித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அகமதாபாத்தின் முதல் மாணவர் அணியில் சேர்ந்தார். பிறகு ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்று அகமதாபாத்திலும் மிச்சிகனிலும் கற்பித்தார். அவரை ஆய்வாளர் என்று எழுதுவதா, தொழிற்சாலையில் இருந்து வந்தவர் என்று எழுதுவதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆய்வு உதவியாளனாகச் செய்த வேலை, நிறுவனங்களுக்குச் சென்று கேஸ், அதாவது வகுப்பில் விவாதிப்பதற்காக ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை விவரிக்கும் குறிப்பு, எழுதுவதற்கான விவரம் திரட்டுவது. ஒரு பேராசிரியருடன் ஆலைக்குப் போய், பொது மேலாளரில் தொடங்கிக் கிடங்குக் காப்பாளர்வரை பேசி, கோப்புகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, பதினைந்து இருபது பக்கத்துக்கு எழுதுவோம். எழுதியதை அந்த நிறுவனத்திடமே அனுப்பி, வெளியிடச் சம்மதம் என்று கையொப்பமிட்ட கடிதம் வந்த பிறகுதான் வகுப்புக்குப் போகும். எண்களை வெளிப்படையாகச் சொல்ல அவர்கள் தயங்கினால், எல்லாத் தொகைகளையும் ஒரே எண்ணால் பெருக்கி, விகிதம் கெடாமல் மறைத்து எழுதுவோம். புத்தகத்தையே நம்பி வந்த பேராசிரியர்கள்கூட ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இப்படி ஆலைக்குள் நுழைந்ததால், அவர்களுடைய 'தொழில் அனுபவம்' பணியில் சேர்ந்த பிறகுதான் வளர்ந்தது. ஆகவே ஒருவர் வேலையில் சேரும் முன் என்ன செய்தார் என்பதோடு, சேர்ந்த பின் நிறுவனம் அவரை எங்கே அனுப்புகிறது என்பதையும் கேளுங்கள்.


ஏடுகாப்பாளர் எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்த இழையில் பணியாளர் என்றாலே ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறீர்கள். அதனால் சில வரிகள்.

மாணவர் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி நாடிப் போகும் ஆட்களில் பாதிப் பேர் ஆசிரியர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலர் அதற்கு முன் எங்கே இருந்தார் என்று கேளுங்கள்: ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவரா, மாணவர் சேர்க்கைக்கு விளம்பரம் செய்து வந்தவரா என்பது உங்கள் மகளுக்கு மிக முக்கியம். நூலகத்தில், நிறுவனங்களின் நிதித் தரவுத்தளத்தைத் திறந்து, ஒரு தொழிலின் பத்தாண்டுக் கணக்கை எப்படி எடுப்பது என்று உட்கார வைத்துச் சொல்லித்தர ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இலட்சக்கணக்கில் சந்தா கட்டி வாங்கிய தரவுத்தளம், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் விடுப்பில் போனதால் பருவம் முழுவதும் பூட்டிக் கிடந்ததை நான் வேறோரிடத்தில் பார்த்திருக்கிறேன்.

வருகைதரு ஆசிரியர்களைப் பற்றியும் ஒன்று. இரண்டு வாரம் வந்து நடத்திவிட்டுப் போகிறவர் மிகச் சிறந்தவராக இருக்கலாம். ஐதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் 2001இல் தொடங்கியபோது வெளிநாட்டுப் பேராசிரியர்களையே பெரிதும் சார்ந்திருந்தது; அது கற்பித்தலின் தரத்துக்கு உதவியது. ஆனால் அத்தகையவர் ஊருக்குத் திரும்பிய பிறகு மாணவருக்கு எழும் ஐயத்தைத் தீர்க்க யார் இருக்கிறார் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு வைக்காத இடங்களில், அந்தக் கேள்விகள் எங்களிடம்தான் வருகின்றன. எங்களால் புத்தகம் எடுத்துக் கொடுக்க முடியும். விளக்கம் சொல்ல முடியாது.


பொன்னிக்கரை எழுதியது:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஒரு சிறு ஐயம். மூன்றாவது பட்டியலைப் பற்றி, அதாவது அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியரானவர்களைப் பற்றி, யாரும் சொல்லவில்லையே?


வார்ப்பட்டறை எழுதியது:

படித்த ஆண்டையும் பணியில் சேர்ந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நடுவில் இடைவெளியே இல்லையென்றால், தான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து மேடைக்குப் போனவர் என்று பொருள். தன் ஆசிரியரின் குறிப்புகளையே அவர் திரும்ப நடத்தும் ஆபத்து உண்டு. இடைவெளி இருந்தால், அந்த ஆண்டுகளில் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். அனுபவம் உள்ளவரிடமும் எத்தனை ஆண்டு என்று கேட்காதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு, அதன் விளைவை நீங்களே சுமந்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் பிறருடைய கையெழுத்துக்குக் கோப்பு அனுப்பியவர்களும் எங்களில் உண்டு.


பொன்னிக்கரை எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நானும் மகளும் மூன்று இடங்களுக்கும் போய்வந்தோம்.

இரண்டாவது நிறுவனத்தில், ஆசிரியர்கள் முன்பு பணியாற்றிய இடங்களின் பெயரைத் தர இயலாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை. பெயரைச் சொல்ல முடியாத அனுபவத்தை விளம்பரத்தில் மட்டும் எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முதல் நிறுவனத்தில் மரியாதையாகப் பேசினார்கள். ஓர் இளம் பேராசிரியர் தன் ஆய்வைப் பற்றி, என் போன்றவனுக்கும் புரியும்படி அரைமணி நேரம் விளக்கினார்: நுண்கடன் பெறும் பெண்கள் எந்த மாதத்தில் தவணை தவறுகிறார்கள் என்பது பற்றியது அது. கடன் கொடுப்பதே தொழிலாக இருந்த எனக்கு அது புதிய செய்தி. திருப்பிச் செலுத்தும் ஆற்றலை ஆண்டு வருமானத்தை வைத்தே கணித்து வந்திருக்கிறேன், மாத வாரியாகப் பார்த்ததில்லை. ஆனால் மாணவர்களை வெளியே அனுப்பும் ஏற்பாடு அங்கே பெரிதாக இல்லை.

மூன்றாவது நிறுவனத்தில் எனக்கு வியப்பு காத்திருந்தது. வார்ப்பட்டறை ஐயா சொன்னபடி இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதியபோது, அங்கேயே படித்த பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள்வரை இடைவெளி இருந்தது. பட்டியலில் அதைப் போடவே இல்லை. ஒருவர் பால் கூட்டுறவு ஒன்றியத்தில் கொள்முதலைக் கவனித்தவர். ஒருவர் சர்க்கரை ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். பால் ஒன்றியத்தில் இருந்தவரின் வகுப்பில் என் மகளை ஒரு மணி நேரம் உட்கார அனுமதித்தார்கள். கொழுப்புச் சத்தை அளந்து விலை கொடுக்கும் முறையைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு, தனக்கு விடை தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்த மாணவியையே ஒன்றியத்தின் ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டு வந்து அடுத்த வகுப்பில் சொல்லச் சொன்னாராம். மீதி நான்கு பேர் படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவர்கள். அவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து கேஸ் எழுத அனுப்புவதாகச் சொல்லி, எழுதியவற்றையும் காட்டினார்கள். நூலகத்துக்கும் போனோம். ஏடுகாப்பாளர் சொன்ன தரவுத்தளத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். அங்கிருந்த அம்மையார் ஐந்து நிமிடத்தில் ஒரு நூற்பாலையின் பத்தாண்டுக் கணக்கை எடுத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பும் பேருந்தில், அதே கேள்வியை மகள் என்னிடம் கேட்டாள். முப்பத்தொரு ஆண்டு அனுபவம் என்கிறீர்களே அப்பா, நீங்கள் கையெழுத்துப் போட்டு நீங்களே சுமந்த முடிவு எது என்றாள். உடனே சொல்ல வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஓர் அரிசி ஆலைக் கடன் நினைவுக்கு வந்தது: மேலிடம் வேண்டாம் என்ற போதும் நான் பரிந்துரைத்தது, மூன்று ஆண்டுகள் தவணை தவறி என்னைத் தூங்கவிடாமல் செய்து, நான்காம் ஆண்டு அறுவடைக்குப் பின் முழுவதும் அடைந்தது. அதை அச்செடுத்த பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். விண்ணப்பத்தை மூன்றாவது நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். நேர்முகத் தேர்வு முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.